வண்டியில் பாட்டு நின்றது ஏன்?

"பதறாத காரியம் சிதறாது" என்று நம் முன்னோர் கூறுவர். தேர்வு எழுதும்போதும் ஓட்டப்பந்தயத்தில் நிற்கும்போதும் நினைக்க வேண்டிய பழமொழி இது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஒரு சுற்றுலா வேனின் பின்னிருக்கைக்கு அடியில் இருக்கும் ஆம்பிளிபயர்ப் பெட்டிக்கும் இது பொருந்தும் என்பதை இவ்வாண்டுதான் தெரிந்துகொண்டோம். அந்த அனுபவத்தைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இம்மலர் வழியாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை சுற்றுலா வேன் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். திருமண வீட்டாரும், வேளாங்கண்ணிக்குச் செல்வோரும், கொடைக்கானலுக்குப் போகும் கல்லூரி மாணவரும் அவரை அமர்த்திக்கொள்வர். வண்டி பேச வருகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "பாட்டு நல்லா கேட்குமா?" என்றுதான் கேட்பார்களாம். அப்படிப்பட்ட வண்டியில் பாட்டு கெட்டுப்போயிற்று. மெதுவாக வைத்தால் பாடும். சத்தத்தைக் கூட்டியதும் ஆம்பிளிபயரில் சிவப்பு விளக்கு எரியும்; 'தும் தும்' என்று நெஞ்சில் இடிக்கும் கனத்த ஓசை மட்டும் அடங்கிவிடும். கடையொன்றில் காட்டினார். "ஆம்பிளிபயர் போய்விட்டது, புதிது போட வேண்டும், வயரோடு சேர்த்து 12,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். வண்டியின் இன்சூரன்சுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம்தான் அவர் கையில் இருந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் அது போதும். எங்கள் தோழி மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான் எங்களுக்கு இச்செய்தி தெரிந்தது.

அறிவியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் சொன்னோம். "மின்னோட்டவியல் பாடம் முடித்து ஒரு மாதம் ஆகவில்லை. அது தேர்வுத்தாளோடு போக வேண்டிய பாடமா? பெட்டியை மாற்றுவதற்கு முன், கெட்டது பெட்டிதானா என்று பார்ப்போம். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்ததும் அப்பாவை வண்டியோடு வரச் சொல்" என்றார்கள். அவ்வாறே அவர் வந்தார். ஆய்வுக்கூடத்து மல்டிமீட்டரும் நாங்களும் பள்ளி முற்றத்தில் காத்திருந்தோம்.

பாட்டு செல்லும் வழி

பழுது பார்ப்பதற்கு முன் ஒரு காரிலோ வேனிலோ பாட்டு எவ்வழியே வருகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

மனிதச் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உடைய ஒலிகளைக் கேட்க வல்லது. இதில் அடிமட்டத்தில் இருக்கும் ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத் தருவதற்கென்றே உள்ள பெரிய ஒலிபெருக்கிதான் சப்-ஊஃபர். பெரிய டிரம்மின் அதிர்வும் பேஸ் கிட்டாரின் ஓசையும் இதிலிருந்தே வருகின்றன. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6.8 செ.மீ.தான், 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அது 6.8 மீட்டர். இவ்வளவு நீண்ட அலையை எழுப்பச் சிறிய காகிதக் கூம்பு போதாது. 10 அல்லது 12 அங்குல அகலமுள்ள கூம்பு முன்னும் பின்னும் அசைந்து நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு ஆற்றல் மிகுதியாகத் தேவை.

கூம்பை அசைப்பது எது? அதன் பின்னால் ஒரு காந்தமும், காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருளும் உள்ளன. சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் அதைத் தள்ளுகிறது. மின்னோட்டம் திசை மாறினால் இழுக்கிறது. பிளெமிங்கின் இடக்கை விதியை நினைவுகூர்க. இவ்வகை ஒலிபெருக்கியைச் செம்மைப்படுத்தி 1925-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர். நூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

முன்பக்கம் டிரைவர் அருகில் இருக்கும் ஸ்டீரியோ செட், கைப்பேசியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ பாட்டை எடுத்து மிகச் சிறிய மின் சைகையாக மாற்றி மெல்லிய வயரில் அனுப்புகிறது. ஆம்பிளிபயர் அதைப் பெரிதாக்கிச் சப்-ஊஃபருக்குத் தருகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆம்பிளிபயர் ஆற்றலைத் தானே உண்டாக்குவதில்லை. ஸ்டீரியோ செட் இடுவது கட்டளை, உழைப்பது பேட்டரி. ஆகவே ஆம்பிளிபயருக்கு வேறு மூன்று வயர்கள் வருகின்றன. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த வயர் ஒன்று. ஸ்டீரியோ செட் ஓடும்போது மட்டும் 12 வோல்ட் தந்து, "விழித்துக்கொள்" என்று சொல்லும் மெல்லிய ரிமோட் வயர் ஒன்று. மூன்றாவது எர்த் வயர். இது நெடுந்தூரம் செல்வதில்லை. அருகிலேயே வண்டியின் இரும்பு உடம்பில் ஒரு போல்ட்டால் முறுக்கப்பட்டிருக்கும். பேட்டரியின் மைனஸ் முனையும் அந்த இரும்பில்தான் இணைந்திருக்கிறது. ஆகவே வண்டியின் உடம்பே மின்னோட்டம் திரும்பிப் போகும் பாதை.

300 வாட் ஆம்பிளிபயர் முழுத் திறனில் பாடினால் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்? திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் விடை வரும்: 300-ஐ 12-ஆல் வகுக்க 25 ஆம்பியர். வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். நம் ஆய்வுக்கூடச் சோதனைகளில் ஓர் ஆம்பியர்கூட ஓடுவதில்லை. பாதையில் ஒரு சிறு இடறல் இருந்தாலும் 25 ஆம்பியர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தொடுவதற்கு முன்

சிஸ்டர் எங்களுக்கு முதலில் விதித்தது கட்டுப்பாடுதான். 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்று பலர் அசட்டையாக இருப்பர். ஆனால் பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனரோ வளையலோ பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, உலோகம் நெருப்பாகக் காய்ந்துவிடும். எனவே வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்தோம். வயரைக் கழற்றுவதானால் முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸையே போட வேண்டும். பெரியதைப் போடுவதும், கம்பியைச் சுற்றுவதும், சிகரெட் தாளின் வெள்ளித் தகட்டை வைப்பதும் வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். பியூஸ் பேட்டரிக்கு ஒன்றரை அடி தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது ஆம்பிளிபயருக்கு அருகில் இருந்தால், நடுவழியில் வயர் உரசி இரும்பைத் தொடும்போது அதைத் தடுக்க ஒன்றும் இராது.

ஸ்பேனர் பிடிக்கும் வேலையெல்லாம் எங்கள் தோழியின் தந்தையுடையது. மீட்டரைப் பிடித்து அளவு எழுதுவது எங்கள் வேலை.

முதற் கேள்வி

"மருத்துவர் முதலில் மருந்தா தருகிறார்? கேள்வி கேட்கிறார். நீங்களும் கேளுங்கள்" என்றார்கள் சிஸ்டர்.

"அங்கிள், எப்போது நிற்கிறது?"

"சத்தம் கூட்டினால்தான் அம்மா. மெதுவாக வைத்தால் வேளாங்கண்ணி வரைக்கும் பாடும்."

"எத்தனை நாளாக இப்படி?"

அவர் சற்று யோசித்தார். "எப்.சி.க்காகப் பெயிண்ட் அடித்து எடுத்து வந்த பிறகுதான் என்று நினைக்கிறேன். மூன்று மாதம் இருக்கும்."

இவ்விரு விடைகளையும் நோட்டில் எழுதிக்கொண்டோம். இரண்டாவது விடையின் அருமை அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

பின்பு எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகச் சென்றோம். பியூஸ் நன்றாக இருந்தது. ரிமோட் வயரில் 12 வோல்ட் வந்தது. அடுத்துச் சப்-ஊஃபர். அதன் இரு வயர்களையும் ஆம்பிளிபயரிலிருந்து விடுவித்து மின்தடையை அளந்தோம், 3.4 ஓம் காட்டிற்று. '4 ஓம்' என்று எழுதியிருக்கும் ஒலிபெருக்கியின் சுருள் மீட்டரில் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டுவதே இயல்பு. சுருள் அறுந்திருந்தால் எல்லையற்ற தடை காட்டும். பூஜ்யத்தை நெருங்கினால் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது என்று பொருள். பிறகு சுவர்க் கடிகாரத்துப் பென்சில் செல்லை எடுத்து அவ்வயர்களில் ஒரு கணம் தொட்டோம். 'டொப்' என்று கூம்பு ஒரு முறை துள்ளியது. சப்-ஊஃபர் குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று. பாட்டு வரும் மெல்லிய வயரை மாற்றிப் பார்த்தும் பழுது அப்படியே இருந்தது.

"அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரிதான் போல" என்று எங்கள் தோழி தாழ்ந்த குரலில் சொன்னாள். எங்களுக்கும் முகம் வாடிவிட்டது.

மீட்டர் சொன்ன சாட்சி

சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஆம்பிளிபயருக்கு வேண்டிய மின்னழுத்தம் கிடைக்கிறதா?" எஞ்சினை ஓடவிட்டு ஆம்பிளிபயரின் முனைகளில் அளந்தோம். 14.1 வோல்ட் இருந்தது. வேண்டியது கிடைக்கிறதே! ஆனால் சிஸ்டர் தலையசைத்தார்கள். "சும்மா நிற்கிறவனைப் பார்த்து, 'இவன் மூட்டை தூக்குவானா' என்று சொல்ல முடியுமா? சுமை ஏற்றிப் பாருங்கள்."

பாட்டின் ஓசை ஏறி இறங்குவதால் மீட்டரின் எண்களும் ஆடும். எனவே கைப்பேசியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஒரே சீராக ஒலிக்கவிட்டோம். சுருள் சூடாகிவிடும் ஆதலால் ஒவ்வொரு முறையும் சில வினாடிகளே வைத்தோம். சத்தம் கூடியது. மீட்டரின் எண் இறங்கியது. 9.8 வோல்ட்! சிவப்பு விளக்கும் எரிந்தது. பல ஆம்பிளிபயர்கள் ஏறத்தாழ 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டவை. சிவப்பு விளக்கு, "நான் செத்துவிட்டேன்" என்று சொல்லவில்லை. "எனக்குச் சாப்பாடு போதவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் பேட்டரியில் அளந்தால் 13.8 வோல்ட் இருந்தது. அப்படியானால் 4 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. எங்கே? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும், நீண்ட வயர் கட்டி மறுமுனையை ஆம்பிளிபயரின் பிளஸ்ஸிலும் வைத்தோம். 0.4 வோல்ட் இழப்பு. அவ்வளவு நீளமான வயருக்கு இது மன்னிக்கத்தக்கதே. அடுத்து, ஆம்பிளிபயரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே வைத்தோம். 3.6 வோல்ட்! கணக்குச் சரியாக வந்தது: 13.8-லிருந்து 0.4-ஐயும் 3.6-ஐயும் கழித்தால் 9.8.

விரிப்பை விலக்கி எர்த் போல்ட்டைப் பார்த்தோம். விரிப்பின் அடிப்பக்கம் அவ்விடத்தில் கருகிப் பழுப்பாகியிருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் உண்மை வெளிவந்தது. வளையத்துக்கு அடியில் பளபளவென்று புதிய பெயிண்ட்! எப்.சி.க்காக வேலை செய்த இடத்தில் போல்ட்டைக் கழற்றிப் பெயிண்ட் அடித்துவிட்டு, அதன் மீதே மீண்டும் முறுக்கியிருக்கிறார்கள். பெயிண்ட் மின்னைக் கடத்தாது. போல்ட்டின் மரைகள் வழியாக மட்டும் ஏதோ சிறிது மின்னோட்டம் தொற்றிக்கொண்டு சென்றிருக்கிறது.

ஓம் விதியை நாங்கள் அங்கேயே கணக்கிட்டோம். ஓடியது 20 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 3.6-ஐ 20-ஆல் வகுக்க 0.18 ஓம். ஓர் ஓமில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆனால் அவ்விடத்தில் எழும் வெப்பம் 3.6-ஐயும் 20-ஐயும் பெருக்க 72 வாட். ரேடியோ பழுது பார்ப்போர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைப் போல மூன்று விரிப்புக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். மேலே இருந்த இருக்கையில்தான் பயணிகளின் குழந்தைகள் உறங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதை எண்ணியபோது பாட்டைப் பற்றிய கவலையே எங்களுக்கு மறந்துபோயிற்று.

ஜார்ஜ் சைமன் ஓம் இவ்விதியை 1827-இல் நூலாக வெளியிட்டபோது அவர் பள்ளி ஆசிரியர். கொலோன் நகரத்துப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில்தான் அவர் சோதனைகளைச் செய்தார் என்று சிஸ்டர் சொன்னார்கள். பள்ளி முற்றத்தில் அவர் விதி உதவிக்கு வந்தது பொருத்தம் அல்லவா?

கடையில் ஏன் தெரியவில்லை?

"கடைக்காரரும் எர்த் பார்த்தாரே, மீட்டர் 'பீப்' என்று கத்தியதே" என்று எங்கள் தோழியின் தந்தை கேட்டார். நல்ல கேள்வி. மீட்டர் 'பீப்' என்று ஒலிக்கும்போது அது அனுப்பும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே. அதற்கு 0.18 ஓம் ஒரு தடையே இல்லை. மீட்டரின் சொந்த வயர்களுக்கே அந்த அளவு தடை உண்டு. ஓர் ஆள் நுழையும் சந்தில் தேர் நுழையுமா? ஆள் போய்வந்ததைக் கண்டு, 'வழி இருக்கிறது' என்று கடைக்காரர் நம்பிவிட்டார். அவர் ஏமாற்ற எண்ணினார் என்று நாங்கள் கூற மாட்டோம். சிவப்பு விளக்கு எரிந்தது மெய். பீப் ஒலித்ததும் மெய். ஆனால் 'எப்போதிலிருந்து?' என்று அவர் கேட்கவில்லை. சுமை ஏற்றியும் பார்க்கவில்லை.

பழுது நீக்கியது எளிது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, போல்ட் இருந்த இடத்தைப் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தார்கள். வயரின் கருகிய நுனியை வெட்டிப் புதிய வளையம் அழுத்திப் பல்வாஷர் வைத்து இறுக முறுக்கினார்கள். துருப்பிடிக்காதிருக்க இணைப்பின் மேல் வாசலீன் தடவினார்கள். மீண்டும் 50 ஹெர்ட்ஸ் ஒலி. பேட்டரியில் 13.7; ஆம்பிளிபயரில் 13.2, எர்த்தில் இழப்பு 0.1 வோல்ட் மட்டுமே. சிவப்பு விளக்கு எரியவில்லை. பாட்டை வைத்ததும் முற்றத்து மரத்துக் காகங்கள் எல்லாம் பறந்தன. சிஸ்டரே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போல்ட், வாஷர், வளையம், உப்புத்தாள் எல்லாம் சேர்ந்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

வேறு பழுதுகள்

எல்லா வண்டியிலும் இதே பழுது இராது. எனவே வாசகர்களுக்குப் பயன்படும் பொருட்டு மற்றவற்றையும் சுருக்கமாகத் தருகிறோம்.

1. விளக்கே எரியவில்லை: பியூஸ், பிளஸ் வயர், எர்த், ரிமோட் வயர் ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்க்கவும். ஸ்டீரியோ செட்டை மாற்றியபோது ரிமோட் வயரை மாட்ட மறப்பது உண்டு.

2. விளக்கு எரிகிறது, ஓசை இல்லை: முதலில் ஸ்டீரியோ செட்டில் சப்-ஊஃபரை அணைத்து வைத்திருக்கிறதா என்று பார்க்கவும். அடுத்து மெல்லிய வயர், பிறகு பென்சில் செல் சோதனை.

3. சுவிட்ச் போட்டவுடன் சிவப்பு விளக்கு: நிறுத்திவிட்டு ஒலிபெருக்கி வயர்களைக் கழற்றி மீண்டும் போடவும். சிவப்பு போய்விட்டால் குற்றம் ஒலிபெருக்கியிலோ அதன் வயரிலோ உள்ளது. போகாவிட்டால் பாட்டு வரும் வயரையும் கழற்றிப் பார்க்கவும். வரும் மின்னழுத்தமும் சரியாக இருந்து, அப்போதும் எரிந்தால் ஆம்பிளிபயரைத் தக்க பழுதுபார்ப்பவரிடம் காட்டலாம். அப்போதுதான் அதைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை.

4. அரை மணி நேரம் பாடி நிற்கிறது, ஆறியதும் பாடுகிறது: வெப்பமே காரணம். ஆம்பிளிபயருக்குக் காற்றோட்டம் வேண்டும். அதன் மேல் போர்வையும் பையும் அடுக்கக் கூடாது. இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் தொகுபயன் தடை 2 ஓம் ஆகிவிடும் என்பதையும் நினைவில் கொள்க. 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று குறித்திருக்கும் ஆம்பிளிபயரில் இவ்வாறு இணைத்தால், தாங்கும் அளவைவிட அதிக மின்னோட்டம் இழுக்கப்பட்டு அது காய்ந்துவிடும்.

5. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து 'ங்ங்' என்று ஏறும் ஓசை: ஸ்டீரியோ செட்டும் ஆம்பிளிபயரும் வெவ்வேறு இடங்களில் எர்த் செய்யப்பட்டு, அவ்விடங்களுக்கிடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் பாட்டில் கலக்கும். எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்வதும், தடித்த பிளஸ் வயரையும் மெல்லிய பாட்டு வயரையும் வண்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொண்டுபோவதும் நலம்.

6. இரண்டு சப்-ஊஃபர் இருந்தும் அடியோசை இல்லை: ஒன்றின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போனால், அலையின் முகடும் அகடும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பென்சில் செல்லின் பிளஸ்ஸை ஒலிபெருக்கியின் பிளஸ்ஸில் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும்.

7. கரகரப்பும் கருகிய வாடையும்: 'கெயின்' என்ற திருகு சத்தத்தைக் கூட்டுவதற்கு அன்று. ஸ்டீரியோ செட்டின் சைகைக்கு ஏற்ப ஆம்பிளிபயரைப் பொருத்துவதற்கே அது. அதை முழுக்கத் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சுருள் காய்ந்து போகும்.

பெரிய பெட்டி வாங்கினால் போதுமா?

பாட்டு குறைவாகக் கேட்டால் உடனே பெரிய ஆம்பிளிபயர் வாங்க எண்ணுவோர் பலர். 100 வாட்டை 200 வாட் ஆக்கினால் ஒலி இரு மடங்காகும் என்பது தவறான எண்ணம். திறன் இரட்டித்தால் ஒலிச்செறிவு 3 டெசிபல்தான் கூடும். சற்றே கூடியது போல்தான் காதுக்குத் தோன்றும். இரு மடங்கு உரத்துக் கேட்பதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். ஆகவே பலர் பெரிய பெட்டியில் தேடும் ஓசை, இருக்கும் பெட்டியின் சரியான இணைப்பிலேயே கிடைத்துவிடும். எங்கள் தோழியின் தந்தை 12,000 ரூபாய்க்குப் புதிய பெட்டி வாங்கிப் பழைய பெயிண்ட் மீதே எர்த் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதிய பெட்டியிலும் அதே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும்; விரிப்பு இன்னும் கருகியிருக்கும். இன்சூரன்சும் கட்டப்பட்டிராது.

நாங்கள் கற்றது

வாடிய முகத்தைப் பார்த்து, 'இவள் சோம்பேறி' என்று முடிவு செய்வது எளிது. அவள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பதற்குச் சிறிது பொறுமை வேண்டும். அன்று இடைவேளையில் எங்கள் தோழியிடம் ஒருத்தி அவ்வாறு கேட்காமல் போயிருந்தால் இக்கட்டுரையே இல்லை. பழுதின் அடையாளம் தெரியும் இடம் வேறு, பழுது இருக்கும் இடம் வேறு. சிவப்பு விளக்கு எரிந்தது பெட்டியில். குற்றம் இருந்ததோ ஒரு போல்ட்டின் அடியில். எப்போது, எதிலிருந்து என்று கேட்க வேண்டும். எளியதிலிருந்து தொடங்க வேண்டும். சுமை ஏற்றிச் சோதிக்க வேண்டும். அளந்து பார்த்த பின்பே பணத்தைச் செலவழிக்க வேண்டும். மின்னோட்டவியல் பாடம் எங்களுக்கு வாங்கித் தரப்போகும் மதிப்பெண் எவ்வளவோ தெரியாது. அது ஒரு குடும்பத்தின் 12,000 ரூபாயைக் காத்ததை நாங்கள் கண்ணால் கண்டோம்.

திங்கட்கிழமை எங்கள் தோழி டிபன் பாக்ஸ் நிறைய இட்லி கொண்டுவந்து எங்களுக்கும் பகிர்ந்தாள். "அப்பா இன்சூரன்ஸ் கட்டிவிட்டார். ஆனால் பாட்டைக் கொஞ்சம் மெதுவாகவே வைக்கச் சொல்லி அம்மாவின் உத்தரவு" என்றாள். அது சிஸ்டரின் உத்தரவும்கூட என்பதை இங்கே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு